ஒரே ஆற்றுக்கு இரண்டு பலகை

ஆற்றங்கரையில் நின்ற அந்தக் கட்டடத்துக்குக் கூரை ஒன்று, கதவு இரண்டு. இடது கதவைத் திறந்தால் மத்திய அரசின் ஆற்று அளவு நிலையம். வலது கதவைத் திறந்தால் மாநில அரசின் அபாயச் சங்கு அறை. நடுவே ஒரு செங்கல் சுவர். இடப்பக்கம் வேலை பார்த்தவளை ஊரார் மீட்டரக்கா என்றார்கள். வலப்பக்கம் வேலை பார்த்தவன் சங்குக்காரன், அவளுடைய கொழுந்தன். ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஆளுக்கொரு கதவைத் திறந்து ஆளுக்கொரு அரசாங்கத்துக்குள் போய்விடுவார்கள்.

"உத்தரவு வாங்கிக்கறேன் அண்ணி. சாயங்காலம் நாடு திரும்பினதும் பாக்கலாம்" என்று அவன் தினமும் ஒரு கும்பிடு போடுவான்.

"பாஸ்போர்ட் பத்திரம் தம்பி. போன வாரம் கழிவறைக்குப் போறப்பவே உங்களைப் பிடிச்சுக் கேட்டாங்களாமே" என்பாள் அவள்.

கழிவறை விஷயம் வெறும் வேடிக்கை இல்லை. அதன் சுவர் மத்திய அரசுடையது, குழாய் மாநிலத்துடையது. குழாய் கசிந்தபோது ஏழு மாதம் கடிதம் போய் வந்தது. கடைசியில் கொழுந்தன் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினான், நின்றுவிட்டது. அந்த டியூப் எந்த அரசின் சொத்து என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

நாடு பெரியது. அதை ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆள முடியாது என்று, அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அதிகாரத்தைப் பட்டியல் போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். படை, நாணயம், எடை, அளவு, மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் ஆறு இவையெல்லாம் மத்திய அரசுக்கு. கரை, தெரு, காவல், ஆபத்து வந்தால் ஜனங்களைக் கிளப்புவது மாநிலத்துக்கு. காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. எந்த இடத்தில் தான் மத்திய அரசின் தண்ணீராக இருப்பதை விட்டுவிட்டு மாநிலத்தின் வெள்ளமாக மாற வேண்டும் என்பதை மட்டும் ஆற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது மீட்டரக்காவின் வேலை. சங்கை ஊதுவது கொழுந்தனின் வேலை. அவள் பார்த்த எண் வயர்லெஸ்ஸில் மத்தியத் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து மாநிலத் தலைநகருக்கு இறங்கி, அங்கிருந்து மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவனை வந்தடைய வேண்டும். சாதாரண நாளில் நான்கு மணி நேரம். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மரக்கதவு போட்ட துவாரம். அளவு பார்க்கிறவர் ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி அதன் வழியே நீட்டுவார், சங்குக்காரர் வாங்கிக்கொள்வார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம், நாற்பது வருஷமாக நடந்தது. பன்னிரண்டு மீட்டர் என்று சீட்டு வந்தால் சங்கு. சங்கு கேட்டால்தான் லாரிகள் வரும், காவலர்கள் வருவார்கள், கரைக்குக் கீழே கிடந்த பள்ளத்தெருவின் முந்நூறு வீடுகளும் காலியாகும். கரையின் உச்சி பன்னிரண்டு எழுபது. காலி செய்ய இரண்டு மணி நேரம் பிடிக்கும். மீட்டரக்காவின் வீடும் பள்ளத்தெருவில்தான்.

போன வருஷம் மழையில் அவள் ஒரு சீட்டு நீட்டினாள். 'பதினொன்று தொண்ணூற்றைந்து, இன்னும் ஏறுகிறது.' கொழுந்தன் பன்னிரண்டுக்குக் காத்திராமல் சங்கை ஊதினான். ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எதிர்வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் மாடிப்படியில் உருண்டு இடுப்பு எலும்பு முறிந்து, ஒரு மாதம் படுத்திருந்து இறந்துபோனார். தண்ணீரோ பதினொன்று தொண்ணூற்றெட்டில் நின்று, ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டு அரசுகளுக்கும் ரோஷம் வந்தது. மத்திய அரசின் ஊழியை எங்கள் தெருவைக் காலி செய்ய யார் என்று மாநிலம் கேட்டது. எங்கள் எண்ணை எங்களைக் கேட்காமல் எடுத்தது எப்படி என்று மத்திய அரசு கேட்டது. இரு தரப்பிலிருந்தும் ஆட்கள் வந்து சுவரின் மரக்கதவைச் சாத்தி, இந்தப்பக்கம் ஒரு முத்திரை, அந்தப்பக்கம் ஒரு முத்திரை என்று காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாநிலம் புதிதாக ஒரு சட்டமும் போட்டது: மாநிலத்தின் சொந்த அளவுப் பலகை, மாநில ஊழியரின் சொந்தக் கண்ணுக்குப் பன்னிரண்டு காட்டினால் மட்டுமே சங்கு. மீறி ஊதினால் சிறை.

அப்படித்தான் ஆற்றுப் படிகளில் மத்திய அரசின் அளவுத்தூணுக்குப் பத்தடி தள்ளி மாநிலத்தின் தூண் ஒன்று முளைத்தது. கோடை முடியும் நேரத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் தூணை நட்டுவிட்டுப் போனார். பலகையை மாட்டி எண் எழுதும் பெயின்டர் வந்து சேருவதற்குள் ஆறு ஒரு சின்னப் பெருக்கெடுத்து, தூணின் கால் ஒரு மீட்டர் மணலில் புதைந்திருந்தது. அவர் மணலுக்கு மேல் தெரிந்த முதல் கோட்டையே அடிக்கோடு என்று எடுத்துக்கொண்டு, மளமளவென்று மேலே எழுதிக்கொண்டே போனார்.

முதல் மழையில் ஆறு மணலை அள்ளிக்கொண்டு போனது. மீட்டரக்கா ஜன்னலில் நின்று இரண்டு பலகையையும் பார்த்தாள். அவள் பலகை எட்டு என்றது. மாநிலப் பலகை ஏழு என்றது. இரண்டையும் நனைத்தது ஒரே தண்ணீர்தான்.

அவளுக்கு வந்த முதல் சந்தேகம் தன்மேல்தான். தன் பலகைதான் நழுவியிருக்குமோ? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயோடு படியில் இறங்கினாள். கட்டடத்தின் அடிக்கல்லில் உயரம் செதுக்கிய பழைய குறி ஒன்று இருந்தது. அதிலிருந்து அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். குழாயைக் கொழுந்தன் கையிலிருந்து வாங்கி, அவன் நின்ற இடத்தில் தான் நின்று மூன்றாவது தடவையும் அளந்தாள்.

"போதும் அண்ணி, ஆறே வெக்கப்பட்டு வத்திடப்போகுது."

"என்னோடது சரியாத்தான் இருக்கு தம்பி. உங்களோடது ஒரு மீட்டர் குறைச்சுச் சொல்லுது."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே தூணைத் தட்டினான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவனும் கணக்குப் போட்டுவிட்டான். அவன் பலகையில் பன்னிரண்டு தெரியும்போது ஆற்றில் பதிமூன்று இருக்கும். கரை பன்னிரண்டு எழுபது. தெரு முழுகிய பிறகுதான் சங்கு ஊதும்.

அவள் மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. 'மற்றொரு அரசின் உடைமையான தூணைத் தாங்கள் அளந்தது எந்த அதிகாரத்தின் பேரில் என்று விளக்கவும்.' கொழுந்தன் தன் மேலதிகாரிக்கு எழுதினான். 'மத்திய அரசு ஊழியரான உறவினர் சொல்கேட்டு எழுதியதாகத் தெரிகிறது' என்று அவனுக்கும் வந்தது. இதற்கிடையே தலைநகரத்தில் வேறொரு சிக்கல். பலகையைத் திருத்தினால் அளவு சரிதான் என்று யாராவது சான்று தர வேண்டும். எடையும் அளவும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சான்றைக் கேட்டால் சொந்தப் பலகை வைக்கும் உரிமையை மாநிலமே விட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஆகவே கேட்கவில்லை. கேட்காத சான்றை எப்படித் தருவது என்று மத்திய அரசும் பேசாமல் இருந்தது. ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்று முடிவாகவில்லை.

மழை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

மேல்மாநிலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை அவர்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது ஆறு நிறம் மாறியிருந்தது. இரைச்சல் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாகக் கத்திக்கொண்டு ஏறும் ஆறு, அன்று வாயை மூடிக்கொண்டு படி படியாக ஏறி வந்தது. கொழுந்தனும் கும்பிடு போடவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனான்.

ஒன்பது மணிக்குப் பத்து எழுபது. பத்து மணிக்குப் பதினொன்று. மணிக்கு முப்பது சென்டிமீட்டர். அவள் ஒவ்வொரு மணிக்கும் பதிவேட்டில் எழுதினாள், வயர்லெஸ்ஸில் சொன்னாள்.

"கேட்டுக்கொண்டோம். உரிய வழியில் மாநிலத்துக்கு அனுப்புகிறோம்" என்றது தலைமையகத்துக் குரல்.

"ஐயா, மாநிலப் பலகை ஒரு மீட்டர் குறைச்சுக் காட்டுது. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"அது நம்ம விஷயம் இல்லம்மா. நம்ம எண்ணை மட்டும் சொல்லுங்க."

பன்னிரண்டரை மணிக்கு ஒரு கதவு மிதந்து வந்தது. சட்டத்தோடு பெயர்ந்த முழுக் கதவு. தாழ்ப்பாளில் பூட்டு அப்படியே தொங்கியது. மேலே எங்கோ யாரோ வீட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது இரண்டு தூண்களுக்கும் நடுவே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே போனது.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் பள்ளத்தெருவிலேயே புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தான்.

"கிளம்புங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். சங்கு ஊதலையேங்கறாங்க. லாரி இல்லாம வயசானவங்களை எப்படித் தூக்கறது? எதிர்வீட்டம்மா கதவையே திறக்கலை. இரு, அம்மா பேசணுமாம்."

மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா, போன வருஷம் உன் சீட்டாலதானே அந்த மனுஷன் படியில உருண்டார்? அந்த அம்மா இன்னிக்கு வரைக்கும் என் முகத்தைப் பாக்கறதில்ல."

"அத்தை, இந்தத் தடவை நிக்காது. நான் சரியாப் பாத்துட்டேன்."

"போன தடவையும் சரியாத்தான் பாத்தே. சின்னவன் ஊதட்டும், வரேன். அவன் கண்ணு தப்பாப் பாக்காது."

அவள் போனை வைத்தாள். போன தடவையும் சரியாகத்தான் பார்த்தாள், உண்மைதான். எண் சரி, ஆறுதான் மனம் மாறிவிட்டது. இன்றைக்கும் மாறினால்? அவள் பதிவேட்டைப் புரட்டினாள். போன வருஷம் கடைசி மூன்று மணி நேரத்தில் வேகம் இருபதிலிருந்து பத்தாகி, பத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. இன்று முப்பது, முப்பது, இருபத்தெட்டு, முப்பது. அவள் விரலால் ஒவ்வொரு எண்ணையும் தொட்டுத் தொட்டு இரண்டாம் முறையும் படித்துவிட்டு, வெளியே போய் வலது கதவைத் தட்டினாள்.

கொழுந்தன் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கின் விசை சுவரில் இருந்தது. பக்கத்தில் ஒரு படிவம். 'பன்னிரண்டு மீட்டரை என் கண்ணால் கண்டேன்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே கையெழுத்துக்கு இடம்.

"பதினொண்ணு எண்பது தம்பி."

"எனக்குப் பத்து எண்பது."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும் அண்ணி. தெரிஞ்சு என்ன பண்ண? ஆபீசுக்கு நாலு தடவை பேசிட்டேன். உன் பலகையில என்ன இருக்குன்னு கேக்கறாங்க. பத்து எண்பதுங்கறேன். அப்ப ஏன் பதறுறேங்கறாங்க. அண்ணி சொன்னாங்கன்னு சொல்லவா? போன தடவை அதைச் சொல்லித்தான் மூணு மாசம் வீட்ல உக்காந்தேன்."

"சிறைக்குப் பயப்படறீங்களா?"

அவன் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. "சிறையா? போயிட்டு வந்துடலாம். நான் ஊதி ஒருத்தர் செத்துட்டார் அண்ணி. அந்த வீட்டம்மா காலைல வாசல்ல நிக்கும்போது நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல ஏறுறேன். நீங்க பாக்கறதில்லையா? இன்னொரு தடவை எண் இல்லாம என்னால அந்த விசையைத் தொட முடியாது. கை வராது. பலகை பன்னெண்டுன்னு சொல்லட்டும், அந்த நிமிஷம் ஊதறேன். சத்தியமா."

"பலகை சொல்லும்போது நம்ம வீட்டுல ஜன்னல் வரைக்கும் தண்ணி நிக்கும்."

அவன் மறுபடி பலகையைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

அவள் தன் அறைக்குத் திரும்பினாள். மணி ஒன்று பத்து. பதினொன்று தொண்ணூறு. கிளம்ப வேண்டிய நேரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரை வழிய இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. காலி செய்ய இரண்டு மணி வேண்டும். அவள் அலமாரியைத் திறந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை தன் பலகையின் எண்களைப் புதுப்பிப்பதற்காகத் தலைமையகம் அனுப்பும் பெயின்ட் அங்கே இருந்தது. ஒரு டப்பா வெள்ளை, ஒரு டப்பா கறுப்பு, இரண்டு தூரிகை. மூடியில் மத்திய அரசின் முத்திரை.

இதைச் செய்யலாமா என்று அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே யோசித்தாள். அடுத்த அரசின் அளவைத் திருத்துவது எந்தச் சட்டப்படி குற்றம், அதற்கு எத்தனை வருஷம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் கொழுந்தனை விதியை மீறச் சொல்லியிருந்தாள். அது அவனால் முடியாது. விதி கேட்டது ஒரு பலகையும் ஒரு எண்ணும். அது உண்மையான எண்ணாக இருந்துவிட்டால் போதும்.

மழை விட்டிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியோரத்துக் கைப்பிடிச் சங்கிலியை ஒரு கையில் பிடித்தபடி இறங்கினாள். தண்ணீர் தொடைவரை வந்தது. குளிர் இல்லை, வெதுவெதுவென்று இருந்தது; அது இன்னும் மோசம். மாநிலப் பலகையில் பதினொன்று என்ற எண் தண்ணீருக்கு ஐந்து விரற்கடை மேலே நின்றது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். இரண்டாவது ஒன்றின்மேல் வெள்ளையை அப்பினாள். காய நேரமில்லை. ஈர வெள்ளையின் மேலேயே கறுப்பால் இரண்டு என்று எழுதினாள். கால் நிலைகொள்ளாததால் எழுத்து கோணலாக வந்தது. அடியில் கறுப்பு ஒழுகி ஒரு வால் முளைத்தது. அதற்கு மேலிருந்த பன்னிரண்டையும் பதிமூன்றாக்கினாள். அப்படி விட்டால் ஒரே பலகையில் இரண்டு பன்னிரண்டு இருக்கும். அதை அவளால் சகிக்க முடியாது.

தலையைத் தூக்கினாள். ஜன்னலில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, எண்ணைப் பார்த்தான்.

அவள் மேலே வந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினாள்: 'ஒன்று இருபத்தைந்து. மாநிலப் பலகையில் பதினொன்று, பன்னிரண்டு என்று தவறாக இருந்த எண்களைப் பன்னிரண்டு, பதிமூன்று என்று திருத்தினேன். மத்திய அரசின் பெயின்ட் ஏறக்குறைய கால் டப்பா செலவு.' எழுதாமல் விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் நடந்த எதையும் அவள் எழுதாமல் விட்டதில்லை.

தண்ணீர் அந்தக் கோணல் எண்ணின் அடியைத் தொட்டபோது மணி ஒன்று முப்பத்திரண்டு. சுவருக்கு அந்தப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பேனா எழுதும் சத்தம்கூடக் கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. பிறகு சங்கு. கட்டடம் முழுவதும் அதிர்ந்தது. ஒட்டியிருந்த காகித முத்திரை படபடத்தது. அவள் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நிற்காதே, இந்தத் தடவை நின்றுவிடாதே என்று ஆற்றைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதை உணர்ந்ததும் உடம்பு கூசியது. முந்நூறு வீடு முழுகட்டும் என்றல்லவா கேட்கிறாள்?

ஆறு நிற்கவில்லை. நான்கு மணிக்குச் சற்று முன்னால் கரை வழிந்தது. ஆறு மணிக்குப் பள்ளத்தெருவில் ஜன்னல்களின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. பைண்டு செய்த புத்தகங்கள் ஊதி, விரிந்து, ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்து மிதந்தன. ஆள் ஒருவரும் சாகவில்லை. மாமியாரும் எதிர்வீட்டம்மாவும் ஒரே லாரியில், ஒரே மூட்டையின் மேல் உட்கார்ந்து மேட்டுக்குப் போனார்கள். வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் எதிர்வீட்டம்மா, "உங்க சின்னவன் ஊதினானா?" என்று கேட்டாளாம். "அவன்தான்" என்றாராம் மாமியார்.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இத்தனை நாளாக ஒரு குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாத இரண்டு அரசுகளும், அவள் பதிவேட்டின் அந்த ஒரு வரியைப் படித்ததும் ஒரே நாளில் கூட்டு விசாரணைக்கு உத்தரவு போட்டிருந்தன. ஒரே காகிதத்தில் இரண்டு முத்திரை. அப்படி ஒரு காகிதத்தை அவள் பார்ப்பது அதுவே முதல்முறை.

முதலில் கொழுந்தனைக் கேட்டார்கள்.

"பலகையில் என்ன கண்டீர்கள்?"

"பன்னெண்டுங்க."

"அதை எழுதியது யார் என்று தெரியுமா?"

"கையெழுத்து யாரோடதுன்னு பாக்கற வேலை எனக்கு இல்லீங்க. எண்ணைப் பாக்கறதுதான் என் வேலை."

அவனை விட்டுவிட்டார்கள். அவள்மீது இரண்டு குற்றப்பத்திரிகை. மாநிலத்தின் அளவைத் திருத்தியதற்கு மாநிலத்திலிருந்து ஒன்று. மத்திய அரசின் பெயின்டை அயலார் சொத்தில் செலவிட்டதற்கும், மத்திய அரசின் எண்ணை அதன்மூலம் வெளியிட்டதற்கும் மத்திய அரசிலிருந்து ஒன்று. தெரு முழுகியதே என்றாள் அவள். மாநிலத்து அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். திருத்தப்படாத பலகையின்படி தண்ணீரின் உச்சம் பன்னிரண்டைத் தாண்டியதாக ஆதாரமில்லை. உச்சம் எவ்வளவு என்பது வழக்கில் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி இப்போது பேச முடியாது என்றார். பேச்சில் கோபமே இல்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

பிறகு மற்றோர் உத்தரவை வாசித்தார்கள். வழக்கு முடியும்வரை, குற்றம் நடப்பதற்கு முன் இருந்த நிலைக்குப் பலகையைத் திருப்ப வேண்டும்.

அது மழைக்காலத்தின் இரண்டாம் பாதி தொடங்கும் வாரம். படிக்கு மேலே இரண்டு நாற்காலி போட்டு இரண்டு அதிகாரிகளும் குடைபிடித்து உட்கார்ந்தார்கள். சாட்சியாக அவளை வரச்சொல்லியிருந்தார்கள். கட்டடத்துக்குள்ளிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. கொத்தனார் ஒருவர் சுவரின் துவாரத்தில் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்லவர், வணக்கம் சொன்னார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு பலகையைத்தான் பார்த்தார்.

பெயின்டர் ஒருவர் டர்பென்டைன் நனைத்த துணியால் அவளுடைய கோணல் இரண்டைத் துடைத்தார். வால் போக நேரமானது.

"ஏங்கக்கா, இங்க ஒண்ணுதானே இருந்துச்சு? சரியாச் சொல்லிடுங்க, அப்புறம் தப்பா எழுதிட்டேன்னு என்னைப் பிடிச்சுக்குவாங்க" என்றார்.

"ஒண்ணுதான்" என்றாள். இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கொழுந்தன் தன் கதவிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். மேலே, ஆறு வரும் திசையில், வானம் அடிவயிறு கறுத்துக் கிடந்தது. தண்ணீர் இரைச்சல் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றான், உதடு அசையாமல். "அடைச்சுட்டாங்க. புது ஆளு பேசமாட்டார். இப்ப எவ்வளவு?"

அவள் சொல்லக்கூடாது. அவள் இப்போது எந்தக் கதவுக்கும் உரியவள் இல்லை. எண்ணும் அவளுடையது இல்லை. ஆனால் கண் தன்பாட்டுக்குப் போய்ப் பழைய பலகையைப் படித்துவிட்டது. பள்ளத்தெருவில் ஜனங்கள் சேறு வழித்த வீடுகளுக்குத் திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"ஒம்பது நாப்பது" என்றாள். "ஏறுது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் இரண்டு அதிகாரிகளும் திரும்பிப் பார்த்து, ஒரே நேரத்தில் பேனாவைத் திறந்தார்கள்.